வடிவமைப்பு மாணவியிடம் கொடுத்த பிராண்டிங், இணையதள வேலை: ஓராண்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

பழைய நூல்களைச் செப்பனிட்டு, பிரிந்துபோன பாரங்களை, அதாவது மடித்த தாள்தொகுதிகளை, மறுபடியும் தைத்து, புதிய அட்டை கட்டித் தரும் சிறு பட்டறை ஒன்றை நானும் என் தங்கையும் சேர்ந்து நடத்துகிறோம். பட்டறைக்கான சின்னம், நிறங்கள், எழுத்துருக்கள், ரசீதுப் புத்தகம், உறை, இணையதளம் ஆகிய அனைத்தையும் வடிவமைப்புக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியிடம் ஃப்ரீலான்ஸ் வேலையாகக் கொடுத்துச் செய்துகொண்டோம். இணையதளம் வெளியாகி இப்போது ஓராண்டு முடிந்துவிட்டது. வெளியான வாரமே எழுதியிருந்தால் அதன் அழகை மட்டும் புகழ்ந்துவிட்டு நிறுத்தியிருப்பேன். நாள்தோறும் புழங்கிப் பார்த்த பிறகுதான் எது நின்றது, எது இடறியது என்று பொறுப்போடு சொல்ல முடிகிறது. இத்தகைய வேலையை ஒரு மாணவரிடம் கொடுக்கலாமா என்று தயங்கிக்கொண்டிருக்கும் சிறு தொழில் செய்வோருக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொடுக்கலாம். ஆனால் கையில் கொஞ்சம் காலம் இருக்க வேண்டும். வேலையின் எல்லையை எழுத்தில் வரையறுத்துக்கொள்ளும் பொறுமையும் வேண்டும்.

அந்த மாணவியைத் தேடிப் போவதற்கு முன் எங்களுக்கு ஒரு கசப்பான அனுபவம் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்திடம் சின்னமும் இணையதளமும் செய்துதரச் சொல்லியிருந்தோம். அவர்கள் கடைசியில் எங்கள் கையில் கொடுத்தது 600 பிக்சல் அகலமுள்ள ஒரே ஒரு ஜேபெக் படம். அதன் பின்னணி வெள்ளையாக இருந்ததால் வேறு நிறத் தாளின் மேல் வைத்தால் வெள்ளைக் கட்டமாகத் தெரிந்தது. பெரிய பலகைக்காக விரித்தால் ஓரமெல்லாம் படிக்கட்டுப் போலச் சிதைந்தது. இணைய முகவரியையோ அவர்கள் தங்கள் பெயரிலேயே பதிவு செய்துகொண்டிருந்தார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்றதும் தளம் மறைந்தது, முகவரியும் திரும்பக் கிடைக்கவில்லை. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த முறை நான் எதையெல்லாம் உற்றுப் பார்த்தேன் என்பதும், மாணவியின் வேலையில் எது எனக்குப் பெரிதாகப் பட்டது என்பதும் அந்த இழப்பிலிருந்து வந்தவை.

முதல் சந்திப்பிலேயே அவர் எங்களை வியப்பில் ஆழ்த்தினார். எந்த நிறம் பிடிக்கும், எந்தச் சின்னத்தைப் போல வேண்டும் என்று கேட்பார் என எதிர்பார்த்து நான் சில மாதிரிகளைத் திரட்டி வைத்திருந்தேன். அவற்றைப் பார்க்காமலேயே, "சார், நீங்கள் வேலை செய்வதை ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று கேட்டார். மறுநாள் காலையில் வந்து தையல் சட்டத்தின் பக்கத்தில் அமர்ந்து, என் தங்கை ஒரு பழைய அகராதியின் பாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மடிப்பில் ஊசி செலுத்துவதை மாலை வரை பார்த்துக்கொண்டிருந்தார். இடையிடையே கேட்ட கேள்விகள் எல்லாம் வாடிக்கையாளர்களைப் பற்றியவை: நூலைக் கொண்டுவருபவர் யார், கொடுக்கும்போது என்ன சொல்கிறார், திரும்ப வாங்கும்போது முதலில் எந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறார். போகும்முன், வாடிக்கையாளர்கள் எங்களுக்கு அனுப்பிய பழைய குறுஞ்செய்திகளைப் படித்துக்காட்ட முடியுமா என்று கேட்டார். படித்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. எங்களை நாங்கள் 'பைண்டிங் பட்டறை' என்று நினைத்துக்கொண்டிருந்தோம். செய்தி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் 'அப்பாவின் புத்தகம்', 'ஆசிரியர் தந்தது', 'இன்னும் கொஞ்ச காலம் தாங்க வேண்டும்' என்றே எழுதியிருந்தார்கள். பிராண்டிங் என்பதைச் சின்னம் வரைவது என்று நினைத்திருந்த எனக்கு, மக்கள் நம்மை எதற்காக நாடுகிறார்கள் என்பதைக் கண்டறிந்து அதையே எல்லா இடத்திலும் ஒரே குரலில் சொல்வதுதான் அது என்பது அன்று விளங்கியது.

இரண்டு வாரம் கழித்து மூன்று கருத்துகளைக் கருப்பு வெள்ளையில் மட்டும் வரைந்து கொண்டுவந்தார். நிறம் கண்ணை மயக்கிவிடும், வடிவம் தேறுகிறதா என்று முதலில் பார்ப்போம் என்றார். திறந்த நூல் ஒன்று, ஊசி ஒன்று; மூன்றாவது, செங்குத்தாக ஒரு மடிப்புக் கோடும் அதன் மேல் ஐந்து சிறு தையல்களும், கடைசித் தையல் மட்டும் முடிச்சுப் போடுவதற்குத் திரும்புவது போலச் சற்றுச் சாய்ந்ததுமான வடிவம். பட்டறையில் உட்கார்ந்து பார்த்த ஒருவருக்கே அந்தச் சாய்வு தோன்றியிருக்க முடியும். ஒரு பாரத்தைத் தைத்து முடித்து அடுத்ததோடு பிணைக்கும் இடத்தில் நூல் அப்படித்தான் திரும்பும். என் தங்கை ஒரு சொல்லும் பேசாமல் அந்தத் தாளை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அத்தோடு தேர்வு முடிந்தது.

சின்னத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு அவர் செய்த வேலையே என்னை அதிகம் கவர்ந்தது. இணைய உலாவியின் தாவலில் தெரியும் சிறு குறிப்படம் 16 பிக்சல் அகலமும் 16 பிக்சல் உயரமும் மட்டுமே கொண்டது. அந்த அளவில் ஐந்து தையல்களும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு மங்கலான பட்டையாகத் தெரிந்தன. பலர் அப்படியே விட்டுவிடுவார்கள். இவர் சிறிய அளவுகளுக்கென்று மூன்று தையல்கள் மட்டும் கொண்ட இன்னொரு வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு தையலும் பிக்சல் கட்டத்தின் மேல் சரியாக உட்காருமாறு நகர்த்தி வைத்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று மற்றொன்றின் தங்கை போல இருக்கிறது. பிறகு, தோல் அட்டையில் சின்னத்தைப் பொறிக்கும் பித்தளை அச்சைப் பற்றி விசாரித்தார். மிக மெல்லிய கோடுகள் தோலில் பதியாமல் மறைந்துவிடும், நெருங்கிய கோடுகளுக்கு இடையில் தங்கத் தகடு அடைத்துக்கொள்ளும் என்று சொன்னேன். கோடுகளைத் தடிப்பாக்கி, இடைவெளியைக் கூட்டி, அச்சுக்கென்று மூன்றாவது வடிவம் ஒன்றையும் செய்துகொடுத்தார். சோதனைக்காக ஒரு துண்டுத் தோலில் பொறித்தபோது ஐந்து தையல்களும் தனித்தனியாக, விரல் நுனியில் தடவி எண்ணும்படி விழுந்தன.

மாணவர்தானே, இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுக்கலாமா என்று எங்கள் உறவினர் பலரும் கேட்டார்கள். அவர்களுக்கு நான் இரண்டு செய்திகளைச் சொல்வதுண்டு. நைக்கி நிறுவனத்தின் வளைகோட்டுச் சின்னத்தை 1971-ல் வரைந்த கேரலின் டேவிட்சன் அப்போது போர்ட்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வரைகலை வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்த மாணவி. 2010-ல் ஏற்கப்பட்ட இந்திய ரூபாய்க் குறியை உருவாக்கிய உதயகுமார், பம்பாய் ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்து வடிவங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். டேவிட்சன் தம் வேலைக்குப் பெற்றது 35 டாலர் என்பதையும், நிறுவனம் வளர்ந்த பிறகு 1983-ல்தான் அவருக்குப் பங்குகள் அளித்துச் சிறப்பித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்வேன். மாணவர் என்பதற்காகத் திறமையைக் குறைத்து மதிப்பிடுவது எவ்வளவு தவறோ, மாணவர் என்பதற்காக ஊதியத்தைக் குறைத்துப் பேசுவதும் அவ்வளவு தவறு. அவர் கேட்ட தொகையில் நாங்கள் பேரம் பேசவில்லை.

நிறத் தேர்வில் ஒரு சறுக்கல் நடந்தது. அதை அவரே கண்டுபிடித்துத் திருத்தினார். பழைய தாளின் நிறத்தையொத்த வெளிர் பின்னணியில் காவி மஞ்சள் நிற எழுத்துகள் என்பது முதல் திட்டம். கணினித் திரையில் பார்க்க மிக இதமாக இருந்தது. நானும் ஒப்புதல் கொடுத்துவிட்டேன். மூன்று நாள் கழித்து அவர் அழைத்து, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டை அளந்து பார்த்ததாகவும் அது 2.5-க்கு 1 என்ற அளவிலேயே இருப்பதாகவும் சொன்னார். இணைய உள்ளடக்கம் எல்லோரும் அணுகும்படி இருப்பதற்காக, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வகுத்துள்ள நெறிமுறைகளின்படி சாதாரண அளவு எழுத்துக்கு அது குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். பெரிய எழுத்துக்கு மட்டும் 3-க்கு 1 போதும். எங்களிடம் நூல் கொண்டுவருபவர்களில் பாதிப்பேர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்கும் வயதினர் என்பதைப் பட்டறையில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு நாளில் அவர் கவனித்திருந்தார். காவி மஞ்சளைக் கோடுகளுக்கும் அலங்காரத்துக்கும் ஒதுக்கிவிட்டு, எழுத்துக்கு அடர்ந்த செம்பழுப்பைத் தேர்ந்தார். வேறுபாடு 9-ஐத் தாண்டியது. ஒப்புதல் வாங்கிய ஒன்றைத் தாமாகவே மாற்றக் கேட்பதற்குத் துணிவு வேண்டும். அனுபவம் மிக்கவர்கள் பலரிடம்கூட அதை நான் பார்த்ததில்லை.

தமிழ் எழுத்துகளைக் கையாண்டதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஏனென்றால், தமிழில் தளம் வைக்க விரும்பும் ஒவ்வொருவரும் இங்கேதான் இடறுகிறார்கள். அவருடைய பாடத்திட்டத்தில் எழுத்துருவியல் முழுவதும் ஆங்கில எழுத்துகளை வைத்தே கற்பிக்கப்பட்டிருக்கிறது. பெயர்ப் பொறிப்பின் முதல் வரைவில், ஆங்கிலப் பெயருக்குச் செய்வதைப் போல எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியைக் கூட்டி வைத்திருந்தார். வடிவமைப்புச் செயலி ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனி உருவங்களாகக் கருதி அவற்றுக்கு இடையிலும் அதே இடைவெளியைப் புகுத்திவிட்டது. 'கொ' என்ற ஓரெழுத்து மூன்று துண்டுகளாக விலகி, கொம்பு ஒருபுறம், ககரம் நடுவில், கால் ஒருபுறம் என்று நின்றது. நான் சுட்டிக்காட்டியதும் முகம் வாடியது. ஆனால் அடுத்த வாரம் வந்தபோது அந்த ஒரு பிழையை மட்டும் திருத்திக்கொண்டு வரவில்லை. தமிழ் எழுத்து வரிசை முழுவதையும் அச்சிட்டு, எந்தெந்த எழுத்தில் மேலே சுழி ஏறுகிறது, எந்தெந்த எழுத்தில் கீழே வால் இறங்குகிறது என்று குறித்துக்கொண்டு வந்திருந்தார். மேலே 'கீ', 'றீ' போன்றவற்றின் சுழிகளும் கீழே 'கு', 'மூ' போன்றவற்றின் வால்களும் ஒன்றையொன்று முட்டாமல் இருக்க, ஆங்கிலத்துக்கு எழுத்தளவைப் போல 1.4 மடங்காக வைத்திருந்த வரி உயரத்தைத் தமிழுக்கு 1.7 மடங்காக உயர்த்தினார். படித்துப் பார்த்தபோது மூச்சு விட இடம் கிடைத்தது போல இருந்தது.

சாய்வெழுத்து விஷயத்திலும் அவர் கற்றுக்கொண்டார். தமிழ் எழுத்துருக்களில் சாய்வெழுத்து தனியாக வரையப்படுவது அரிது. அழுத்தம் காட்டுவதற்காக உலாவியிடம் சாய்வு கேட்டால், அது நேரெழுத்தைப் பிடித்து வலப்புறம் தள்ளிவிடுகிறது. வட்டங்கள் நசுங்கி, எழுத்து காற்றில் சாய்ந்த பயிர் போலக் கிடக்கிறது. எங்கள் தளத்தில் அழுத்தம் காட்ட வேண்டிய இடத்தில் எழுத்தின் தடிப்பை ஒரு படி கூட்டுவது என்ற விதியை அவர் வகுத்தார். இன்னொன்று, தமிழ்ச் சொற்களின் நீளம். கைப்பேசித் திரையில் ஆங்கிலப் பொத்தானுக்கென்று விட்ட அகலத்தில் 'தொடர்புகொள்ளுங்கள்' என்ற சொல் அடங்காமல் வெளியே வழிந்தது. எழுத்தைச் சிறிதாக்கலாம் என்பது அவருடைய முதல் யோசனை. சொல்லைச் சிறிதாக்கலாம் என்றேன். 'எழுதுங்கள்' என்று வைத்தோம். வடிவமைப்பாளரும் வாடிக்கையாளரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் கிடைக்கும் தீர்வுகள் இவை. எழுத்துருக்களைப் பொறுத்தவரை, மீரா இனிமை, கட்டமரன், ஹிந்த் மதுரை, நோட்டோ என்று சிலவற்றைத் தாளில் அச்சிட்டு, ஒரே பத்தியை ஒவ்வொன்றிலும் எங்களைப் படிக்கச் செய்து, கடைசியில் தலைப்புக்கு நோட்டோ செரிஃப் தமிழையும் பத்திகளுக்கு நோட்டோ சான்ஸ் தமிழையும் முடிவு செய்தோம்.

எழுத்துரு உரிமம் குறித்து ஒரு தவறு நேர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பெயருக்கு அவர் முதலில் எடுத்துவைத்திருந்தது தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம் என்று அறிவிக்கப்பட்ட எழுத்துரு. கல்லூரிப் பயிற்சிகளில் அப்படிப் பயன்படுத்திப் பழகியவருக்கு, தொழில் நிறுவனத்துக்குச் செய்யும்போது அது உரிம மீறலாகிவிடும் என்பது உறைக்கவில்லை. ரசீதுப் புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாள் அவரே உரிமக் கோப்பைப் படித்துப் பார்த்துவிட்டுப் பதறி அழைத்தார். அச்சை நிறுத்திவைத்து, எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தின் கீழ் வரும் வேறொன்றுக்கு மாற்றினோம். அந்த உரிமத்தின்படி தொழில் பயன்பாட்டுக்கும் தடையில்லை. நோட்டோ எழுத்துருக்களும் அதன் கீழேயே வருகின்றன. ஒரு வாரம் வீணாயிற்று. மாணவரிடம் வேலை கொடுப்பவர்கள் எழுத்துரு, புகைப்படம், குறிப்படங்கள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் உரிமம் என்ன என்ற கேள்வியை முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இணையதளத்தில் ஐந்து பக்கங்களே இருக்கின்றன. அவர் முதலில் பன்னிரண்டு பக்கங்களுக்குத் திட்டம் போட்டிருந்தார். குறைக்கக் கேட்டது நாங்கள். முகப்பில் ஒரு பழைய நூலின் பிரிந்த முதுகும் அதே நூல் செப்பனிட்ட பின் நிற்கும் தோற்றமும் அடுத்தடுத்து வருகின்றன. அந்தப் படங்கள் முதலில் ஒவ்வொன்றும் பல மெகாபைட் அளவில் இருந்ததால் முகப்புப் பக்கம் மொத்தம் 14 மெகாபைட்டாகக் கனத்தது. அவருடைய புதிய மடிக்கணினியிலும் கல்லூரியின் வேகமான இணைப்பிலும் அது தெரியவில்லை. என் தங்கையின் பழைய கைப்பேசியில் திறந்தபோது முதல் படம் வருவதற்குள் தேநீர் ஆறிவிடும் போலிருந்தது. பக்கத்தின் முதன்மையான உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிந்தால்தான் நன்று என்பது கூகுளின் அளவுகோல். படங்களை வெப்பி (WebP) என்ற, அளவு குறைந்த பட வடிவத்துக்கு மாற்றி, கைப்பேசிக்குச் சிறிய படமும் கணினிக்குப் பெரிய படமும் தனித்தனியாகப் போகுமாறு செய்து, திரைக்குக் கீழே இருக்கும் படங்கள் உருட்டும்போது மட்டும் இறங்கும்படி அமைத்து, பக்கத்தை ஒரு மெகாபைட்டுக்குள் கொண்டுவந்தார். அதன்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் என் தங்கையின் கைப்பேசியில் திறந்து பார்த்த பிறகே முடிந்தது என்று சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார்.

இந்த வேலையில் எனக்கு உண்மையான வருத்தம் தந்தது விசாரணைப் படிவம். நூலின் படம், பக்க எண்ணிக்கை, எந்த இடத்தில் கிழிந்திருக்கிறது என்பவற்றை எழுதி அனுப்பும் அந்தப் படிவம் மிகத் தெளிவாக அமைக்கப்பட்டிருந்தது. வெளியாகி இரண்டு வாரம் ஆகியும் ஒருவரும் எழுதவில்லையே என்று மனம் சோர்ந்திருந்தேன். தற்செயலாக மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியைத் திறந்தபோது, மூன்று பேர் எழுதிய விசாரணைகள் அங்கே கிடந்தன. அவர்களில் ஒருவர் தன் தாத்தாவின் கையெழுத்து இருந்த கணக்குப் புத்தகத்தை அதற்குள் வேறிடத்தில் கொடுத்துவிட்டிருந்தார். தளம் அனுப்பும் அஞ்சல் உண்மையிலேயே எங்கள் முகவரியிலிருந்துதான் வருகிறது என்று உறுதி சொல்லும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். ஆகிய பதிவுகள் அமைக்கப்படாததால் அஞ்சல் சேவை அவற்றைச் சந்தேகத்துக்குரியவை என்று ஒதுக்கியிருக்கிறது. திரையில் தெரிவதைச் செதுக்கிச் செதுக்கிப் பார்த்த அவர், திரைக்குப் பின்னால் ஓடும் இதைச் சோதிக்கவில்லை. சொன்ன அன்று இரவே அமைத்துக்கொடுத்தார். ஒவ்வொரு விசாரணையும் அஞ்சலாகச் செல்வதோடு தளத்தின் உள்ளேயும் சேமிக்கப்படும்படி மாற்றினார். மூன்று பேருக்கும் எழுத வேண்டிய மன்னிப்புக் கடிதத்தைத் தாமே எழுத முன்வந்தார். கடிதத்தை நானே எழுதினேன். பொறுப்பை ஏற்றுக்கொண்ட விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தக் கணக்குப் புத்தகத்தை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. படிவம் உள்ள எந்தத் தளத்தையும் வெளியிடுமுன், வெவ்வேறு அஞ்சல் சேவைகளிலிருந்து நான்கைந்து பேரை எழுதச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

காலக்கெடுவைப் பொறுத்தவரை, ஆறு வாரம் என்று சொல்லித் தொடங்கிய வேலை ஒன்பது வாரத்தில் முடிந்தது. ஒரு வாரத்தை எழுத்துரு மாற்றம் விழுங்கியது. மற்ற இரண்டும் பருவத் தேர்வுக்கும், மாணவர்களின் படைப்புகளை ஆசிரியர் குழு மதிப்பிடும் ஜூரிக்கும் போயின. ஜூரி நாட்களில் அழைப்புக்குப் பதிலே வரவில்லை. தேர்வு அட்டவணையை முன்கூட்டியே கேட்டு வாங்கி, அந்த நாட்களை விட்டுவிட்டு நாள் குறித்திருந்தால் இந்தத் தேக்கம் இருந்திருக்காது. இதில் என் தவறும் உண்டு. திறப்பு விழா, கண்காட்சி என்று தேதி நிச்சயமான காரியம் இருந்தால் மாணவரிடம் கொடுப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம். பாதித் தொகை முன்பணம், வடிவமைப்பு உறுதியானதும் கால் பங்கு, தளம் வெளியானதும் கால் பங்கு. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு முறை திருத்தம், அதற்கு மேல் தனிக் கட்டணம். இந்த இரண்டு முறை என்ற வரம்பு எங்களைத்தான் ஒழுங்குபடுத்தியது. மனத்தில் தோன்றும்போதெல்லாம் ஒரு மாற்றம் சொல்லி அனுப்பும் பழக்கத்தை விட்டு, நானும் தங்கையும் உட்கார்ந்து பேசி, இருவரும் ஒத்துக்கொண்டதை மட்டும் ஃபிக்மா என்ற வடிவமைப்புச் செயலியின் கோப்பில் அந்தந்த இடத்திலேயே குறிப்பாக எழுதினோம். எங்களுக்குள் நடக்க வேண்டிய வாதத்தை அவர் தலையில் ஏற்றாமல் இருந்தோம் என்ற நிறைவு எனக்கு உண்டு.

ஒப்படைப்பு நாளைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. கோப்புகள் அடங்கிய ஒரு கோப்புறையும் அச்சிட்ட 14 பக்கக் கையேடும் கொண்டுவந்தார். எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத எஸ்.வி.ஜி., அச்சகத்துக்கான பி.டி.எஃப்., பின்னணி இல்லாத பி.என்.ஜி., தாவலுக்கான குறிப்பட வடிவம், பித்தளை அச்சுக்கான வடிவம் என்று எல்லாம் பெயரிட்டு அடுக்கப்பட்டிருந்தன. திரையின் நிறம் ஒளியால் ஆனது, அச்சின் நிறம் மையால் ஆனது, இரண்டும் அப்படியே ஒத்துப்போகா. ஆகவே செம்பழுப்புக்குத் திரைக்கான எண்களையும் நான்கு மை அச்சுக்கான எண்களையும் தனித்தனியாகக் குறித்திருந்தார். கையேட்டில் சின்னத்தைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை, ஒரு தையலின் நீளம் என்று எங்கள் தொழிலின் அளவாலேயே சொல்லியிருந்தார். இணைய முகவரி என் பெயரில், என் அஞ்சலில், என் கணக்கில் பதிவாகியிருந்தது. கடவுச்சொற்களை என் எதிரிலேயே மாற்றச் சொல்லி, அவற்றைத் தாம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முந்தைய நிறுவனத்திடம் முகவரியை இழந்த எனக்கு அந்த ஒரு நொடியில் கண் கலங்கியது.

பதிப்புரிமையைப் பற்றியும் அவரே எடுத்துச் சொன்னார். பல நாடுகளின் சட்டப்படி, ஊழியராக அல்லாமல் ஃப்ரீலான்ஸராகச் செய்த படைப்பின் உரிமை, எழுத்து மூலம் மாற்றித் தராதவரை பெரும்பாலும் படைத்தவரிடமே இருக்கும்; பணம் கொடுத்துவிட்டோம் என்பதாலேயே சின்னம் நமக்குச் சொந்தமாகிவிடாது. இறுதித் தவணை செலுத்தியதும் உரிமை எங்களுக்கு மாறும் என்றும், தம் படைப்புத் தொகுப்பில் இந்த வேலையைக் காட்டிக்கொள்ளும் அனுமதி தமக்கு உண்டு என்றும் ஒரு பத்தி எழுதி இருவரும் கையெழுத்திட்டோம்.

ஓராண்டுக்குப் பிறகு பார்க்கும்போது, சின்னமும் நிறமும் எழுத்தும் அசையாமல் நிற்கின்றன. விசாரணைகளின் தன்மை மாறியிருக்கிறது. முன்பெல்லாம் 'புத்தகம் கட்டுவீர்களா' என்ற ஒற்றை வரியோடு தொடங்கி, நாலைந்து முறை பேசிய பிறகே நூலின் நிலை தெரியும். இப்போது முதல் கடிதத்திலேயே முதுகின் படமும் பக்க எண்ணிக்கையும் வந்துவிடுகின்றன. அன்றைக்கே பதில் எழுத முடிகிறது. தளத்தில் புதிய வேலைகளைச் சேர்ப்பதை என் தங்கை, மாணவி பதிவு செய்து தந்த 20 நிமிடக் காணொளியைப் பார்த்து, தாமாகவே செய்கிறார். குறை என்று எஞ்சியிருப்பது பக்கங்களில் உள்ள வாசகங்கள். அவற்றை நாங்கள் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டு அவசரத்தில் கிறுக்கிக் கொடுத்தோம். அழகான வீட்டில் பழைய சாமான்களை அடுக்கியது போல அவை பொருந்தாமல் நிற்கின்றன. வாசகம் யார் எழுதுவது, எந்தத் தேதிக்குள் தருவது என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்திருக்க வேண்டும்.

தளத்தின் தமிழ்ப் பக்கங்களைத் திருத்தி எழுதும் வேலையை இப்போது நான் தொடங்கியிருக்கிறேன். அவர் இறுதியாண்டில் இருக்கிறார். செப்பனிட்ட நூல்களை வைத்துக் கொடுக்கும் பெட்டிக்கு வடிவமைப்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். தேர்வு அட்டவணையை முதலில் அனுப்புங்கள், அதன்பின் நாள் குறிப்போம் என்று எழுதினேன். அட்டவணையோடு, பெட்டியின் மூடியில் தையல்கள் எந்தப் பக்கம் வர வேண்டும் என்ற கேள்வியும் சேர்ந்து வந்திருக்கிறது.